பிந்தி வந்த வெளிநடப்பு

எங்கள் நகராட்சி வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரியவருக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதிக்கொண்டிருந்தேன். கட்சிக்காரர் ஒருவர் போனில் சொன்னார். "சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, மனுவில் பெரியவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன்.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. மற்ற நேரமெல்லாம் கட்சி. இருபது வருஷத்துக்கு மேலாக வார்டுச் செயலாளராக இருந்தேன். கொடிக்கம்பத்துக்குப் பெயிண்ட் அடிப்பதிலிருந்து பூத்தில் ஏஜெண்டாக உட்காருவதுவரை எல்லாம் செய்தாயிற்று. இந்த முறை கவுன்சிலர் சீட் எனக்குத்தான் என்று நகரச் செயலாளரே இரண்டு கூட்டத்தில் சொல்லியிருந்தார். இனி அதில் நான் நிற்க முடியாது.

என் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தரையில் லைனிங் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீ எலெக்சன்ல நிக்கணும்."

கத்தரிக்கோல் நிற்கவில்லை. "கையெழுத்துப் போடணும்னா சொல்லுங்க, போடுதேன். நிக்கிறதெல்லாம் என்ன பேச்சு?"

"கையெழுத்துத்தான். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுவேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அம்புட்டையும் நீங்களே பாத்துக்கிடுவீகன்னா என்னை எதுக்கு நிப்பாட்டுதீக?"

கட்சி கேட்கிறது என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலையில் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "நிக்கேன். ஆனா வீடு வீடா நான்தான் போவேன், நீங்க பின்னால வாங்க" என்றாள். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். நாலு வீடு போனதும் கால் வலிக்கும், பிறகு நாம்தான் முன்னால் என்று நினைத்தேன்.

அவளுக்குக் கால் வலிக்கவில்லை. எங்கள் வார்டில் பாதிப் பெண்களுக்கு அவள்தான் ஜாக்கெட் தைத்தவள். அளவு கொடுக்க வருகிறவர்கள் அளவோடு திரும்புவதில்லை. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் மகன் பட்டாளத்திலிருந்து லீவுக்கு வருகிறான், எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஓட்டுக் கேட்கப் போகும்போது தைத்து முடித்த ஜாக்கெட்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். போகிற வழிதானே, கொடுத்துவிடலாம் என்று.

அதுதான் வம்பாகிவிட்டது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், ஓட்டுக்கு ஜாக்கெட் கொடுக்கிறார்கள் என்று தேர்தல் அதிகாரிகளுக்குப் போன் செய்துவிட்டார். ஜீப்பில் வந்து பையைத் திறந்து பார்த்தார்கள். அதற்குள் ஒரு பெண் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து, "அது என் துணி சார். ரெண்டு வாரமா கேட்டுக்கிட்டு இருக்கேன், இன்னைக்குத்தான் தாராக. அதையும் பிடுங்கிறாதீக" என்று கையைக் கூப்பினாள். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போன் செய்தவர் பக்கத்து வார்டுக்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி அந்த வார்டில் அவர்கள் கட்சி சார்பில் நின்றார். நான் அவரைத் தெருவில் வைத்து என்னென்னவோ பேசிவிட்டேன். அவரும் சும்மா இருக்கவில்லை. நாலு பேர் வந்து விலக்கிவிட்டார்கள்.

இரண்டு பெண்களுமே ஜெயித்தார்கள். நகர்மன்றத்தில் அந்தப் பட்டாளத்தார் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. எங்களவர்கள் குறைவு. ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு கவுன்சிலர் வந்தாயிற்று. மாலையெல்லாம் என் கழுத்தில்தான் விழுந்தது. அவள் பக்கத்தில் நின்று ஒரு கதம்பச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எடுத்த போட்டோ இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு இப்போது கூச்சமாக இருக்கும்.

முதல் கூட்டத்துக்குப் புது ஃபைல் ஒன்று வாங்கி, அவள் பேச வேண்டியதை இரண்டு பக்கம் எழுதி வைத்து, நானும் கூடவே உள்ளே போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அலுவலர் ஒருவர் வந்து மரியாதையாகக் குனிந்து, "சார், உறுப்பினர்கள் மட்டுந்தான். நீங்க வெளிய இருங்க" என்றார். என் மனைவியைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வாசலுக்கு நடக்கும்போது காது இரண்டும் சுட்டது.

வெளியே புங்கமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் ஏற்கெனவே ஒருவர் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட்டுக்குப் போன் செய்த பட்டாளத்தார்தான். அவரையும் அதே போல அனுப்பியிருந்தார்கள். வேறு இடம் இல்லாததால் நான் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தேன். என் தோளில் எங்கள் துண்டு, அவர் தோளில் அவர்கள் துண்டு. அரை மணி நேரம் போனது. பிறகு அவர் எழுந்து போய் இரண்டு டீயோடு வந்தார்.

"பட்டாளத்துல கேட்டுல காவல் நின்னு பழக்கந்தான் அண்ணாச்சி. உங்களுக்குத்தான் புதுசு" என்றார்.

டீயை வாங்கிக்கொண்டேன். அதிலிருந்து மாதாமாதம் கூட்ட நாளில் அந்தப் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர். உள்ளே அவர்கள் கட்சிக்காரர்களும் எங்களவர்களும் கத்திக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பிள்ளைகள் படிப்பு, முட்டி வலி, பிளவக்கல் அணையில் எவ்வளவு தண்ணீர் என்று பேசிக்கொண்டிருப்போம். அவர்தான் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "என்ன இருந்தாலும் உங்க வீட்ல பேப்பரைப் பாக்காம பேசுதாகளாமே, என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லி மாயுதா" என்றார்.

"பேப்பர் பாத்துத்தான் பேசுவா. நான்தான் எழுதிக் கொடுப்பேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். "அப்ப சரி அண்ணாச்சி" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் கைப்பையைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த தாள்கள் அத்தனையும் மடித்தது மடித்தபடி இருந்தன. செய்யக்கூடாத காரியந்தான். மனசு கசந்துபோயிற்று. இருபது வருஷமாக ஊருக்கே எழுதிக் கொடுக்கிறவன் நான். அவளிடம் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தன்று பெஞ்சில் உட்காராமல், மன்ற ஜன்னலுக்கு அருகில் போய் நின்றேன்.

அன்றைக்கு அவள் அங்கன்வாடியைப் பற்றிப் பேசினாள். எங்கள் வார்டுக்கும் பக்கத்து வார்டுக்கும் சேர்த்து ஒரு அங்கன்வாடி, ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் மகளுக்குத் தலைப்பிரசவம். அந்த அறை வேண்டும், காலி செய்து கொடுங்கள் என்று நல்லவிதமாகவே சொல்லிவிட்டார்.

"அவிய மேல குத்தமில்லீங்க" என்று அவள் குரல் மைக்கில் வந்தது. "பெத்த மகள் பிரசவத்துக்கு வரும்போது இடம் இல்லாமலா இருக்க முடியும்? பிள்ளைகளும் நம்ம பிள்ளைகதான். மில்லுக்குப் போற தாய்மாரு பிள்ளையை எங்க விட்டுட்டுப் போவாக? ரெண்டு வார்டுக்கும் நடுவுல நகராட்சி இடம் காலியாத்தான் கிடக்கு. நானும் பக்கத்து வார்டு மெம்பரும் போய் நடந்து பாத்துட்டு வந்துட்டோம். ஒரு கட்டடம் கட்டிக் கொடுங்க, அதுவரைக்கும் சமுதாயக் கூடத்துல இடம் கொடுங்க."

அவ்வளவுதான். மாண்புமிகு இல்லை, வணக்கத்துக்குரிய இல்லை. உள்ளே ஒருவரும் கத்தவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு விஷயத்தை ஆரம்பித்து முடிக்கும்வரை நான் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான், அதுவும் ஜன்னலுக்கு வெளியே நின்று. அதற்குப் பிறகு நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

அவளும் பட்டாளத்தார் மனைவியும் அங்கன்வாடிக்காக ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டதை எங்கள் கட்சியில் சிலர் ரசிக்கவில்லை. அந்தக் கட்சியிலும் அப்படித்தான் என்று பட்டாளத்தார் சொன்னார். இருந்தாலும் இரண்டு மாதத்தில் அது தீர்மானமாகக் கூட்டத்துக்கு வந்தது. அந்தக் கூட்டத்தன்று காலை நகரச் செயலாளர் எனக்குப் போன் செய்தார். மேலிடத்து உத்தரவு, இன்றைக்கு எல்லா ஊரிலும் கண்டன வெளிநடப்பு. உள்ளே போய் உட்கார்ந்ததும் எழுந்து கோஷம் போட வேண்டும், ஐந்து நிமிஷத்தில் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும்.

அவள் சேலை மடிப்புக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"அங்கன்வாடி எத்தனாவது?" என்று கேட்டாள்.

அஜெண்டாவைப் பார்த்துப் பதினொன்றாவது என்றேன். "அடுத்த மாசம் வச்சுக்கிடலாம்னு சொல்லுதாக."

"அடுத்த மாசம் அந்த வீட்டுக்காரர் மக வலி எடுத்து வந்து நிப்பா" என்றாள்.

கூட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எங்களவர்கள் கையை உயர்த்திக் கோஷம் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார்கள். நிருபர்கள் போட்டோ எடுத்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை. வாசலில் நின்ற நகரச் செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"உன் வீட்டம்மா எங்கப்பா?"

"வந்துருவாண்ணே" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. ஜன்னல் பக்கம் ஓடினேன்.

எங்கள் கட்சி வரிசையில் எல்லா நாற்காலியும் காலி. நடுவில் அவள் மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் வரிசையில் சிலர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "அம்மா எங்க கட்சிக்கு வந்துட்டாகளா?" என்று சத்தமாகவே கேட்டார். அவள் முகம் சிவந்திருந்தது, எழுந்திருக்கவில்லை. பட்டாளத்தாரும் என் பின்னால் வந்து நின்றார். உள்ளே நடப்பதைப் பார்த்ததும், "நம்ம ஆளுக சிரிக்கிறது சரியில்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஒவ்வொரு பொருளாக வாசித்தார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பதினொன்று வந்ததும் பட்டாளத்தார் மனைவி எழுந்து, "முன்மொழிகிறேன்" என்றார். அடுத்து வழிமொழிய வேண்டும். அவர்கள் வரிசையில் யாரோ எழப்போனதை அந்தம்மா கையைக் காட்டித் தடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்தார். என் மனைவி எழுந்தாள்.

"வழிமொழிகிறேன்."

தீர்மானம் நிறைவேறியது என்று தலைவர் சொன்னார். அவள் உட்காரவில்லை. "தலைவருக்கு வணக்கம். எங்க கட்சி இன்னைக்கு வெளிநடப்பு. நானும் இப்ப வெளிநடப்புச் செய்றேன்" என்று சொல்லிக் கும்பிட்டாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக நடந்து வந்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வெளியே வந்து எங்களவர்களோடு நின்று, அடுத்த கோஷத்துக்குக் கையை உயர்த்தினாள். அவள் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

நகரச் செயலாளர் அவளிடம் ஒன்றும் பேசவில்லை. என்னைத் தனியாக அழைத்துப் போனார். "மேல இருந்து கேப்பாக. மன்னிப்புக் கேட்டு ஒரு விளக்கக் கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொண்டா. உனக்குச் சொல்லித் தரணுமா எழுதுறதுக்கு?"

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மேசையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினேன். என் அனுபவம் முழுவதும் அதில் இருந்தது. கூட்டத்தில் திடீரெனத் தலைசுற்றல் ஏற்பட்டதால் உடனே எழ முடியவில்லை, அறியாமல் நேர்ந்த பிழையைப் பொறுத்தருள வேண்டும் என்று, படிக்கிறவர்கள் மனம் இளகும்படி எழுதியிருந்தேன். பஸ் ஏறுமுன் கால் கிலோ பால்கோவாவும் வாங்கிக்கொண்டேன்.

பொட்டலத்தைப் பார்த்ததுமே, "நாளும் கிழமையும் இல்லாம பால்கோவா வருது. என்ன தப்புப் பண்ணிட்டு வந்திருக்கீக?" என்றாள்.

கடிதத்தைக் கொடுத்தேன். மிஷின் மேல் வைத்து நிதானமாக வாசித்தாள்.

"எனக்கு எப்பங்க தலைசுத்துச்சு?"

"அது ஒரு பேச்சுக்கு. கட்சியில இருக்கணும்னா..."

"நான் கட்சியை விட்டுப் போறேன்னு சொன்னேனா? நம்ம வீட்டுச் சுவர்ல கல்யாணமான புதுசுல சின்னம் வரைஞ்சப்ப உங்களுக்குப் பெயிண்ட் டப்பாவைப் பிடிச்சது யாரு? நான்தான. எனக்கும் அதுதான் கட்சி." அவள் குரல் உயரவில்லை. "என்னைத்தான கேக்காக. நான் சொல்லிக்கிடுதேன். ஒரு வெள்ளைப் பேப்பர் தாங்க."

கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து அளவு எழுதுகிற பேனாவால் எழுதினாள். எழுதி முடிக்க நேரமானது. நான் பால்கோவாவைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு என்னிடம் நீட்டினாள்.

'நான் கட்சிக்கு விரோதமாக எதுவும் செய்யவில்லை. குளந்தைகள் விஷயம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் வெளிநடப்பு செய்தேன். பிந்தி வந்தது என் முடிவு, என் வீட்டுக்காரர் சொல்லி அல்ல.'

கீழே அவள் கையெழுத்து. 'குளந்தைகள்' என்ற இடத்தில் என் விரல் தானாகப் போய் நின்றது. தொழில் பழக்கம். பேனாவை எடுக்கவும் செய்தேன்.

"திருத்தாதீங்க" என்றாள். "தப்பா இருந்தா என் தப்பா இருக்கட்டும்."

கடைசி வரியைத் திரும்பவும் வாசித்தேன். எனக்காகத்தான் அதை எழுதியிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. என் பொறுப்புக்கு ஆபத்து வந்துவிடக்கூடாது என்று யோசித்திருக்கிறாள். பால்கோவா கொஞ்சம் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதில் பாதியை எடுத்து எனக்குக் கொடுத்தாள்.

நகரச் செயலாளர் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். "இது நீ எழுதுனது இல்லையே."

"இல்லண்ணே. அவ எழுதுனது."

"நீ வேற எழுதலாம்ல?"

"எழுதுனேன். அது பொய்யா இருந்துச்சு. இதுதான் நடந்தது" என்றேன். அவரிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே அவரைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். "வீட்டுல ஒரு ஆளைக் கட்டுப்பாட்டுல வைக்க முடியல, வார்டை எப்படிப்பா நீ வச்சிருப்ப?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரத்தில் வார்டுக்குப் புதுச் செயலாளர் போட்டுவிட்டார்கள். அவளை ஒன்றும் செய்யவில்லை. செய்தால் வார்டுப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்திருக்கலாம்.

எனக்கு அது சின்ன அடி இல்லை. சில நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேண்டுமென்றே கடைசி பஸ்ஸில் வந்தேன், தெருவில் ஆட்களைப் பார்க்க வேண்டாமென்று. அடுத்த கட்சிப் பொதுக்கூட்டம் வந்தபோது போகவில்லை என்று சுருண்டு படுத்திருந்தேன். அவள் என் கரைவேட்டியைத் தேய்த்துக் கொண்டுவந்து கால்மாட்டில் வைத்தாள்.

"பொறுப்புத்தான போச்சு. எந்திரிங்க. நான் மட்டும் தனியா போய் உக்காந்திருந்தா பாக்கிறவுக என்ன நினைப்பாக? சண்டைன்னு நினைப்பாக."

போனோம். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் மேடைக்குக் கீழே பெண்கள் வரிசையில் இருந்தாள். கூட்டம் முடிந்து ஒரு சைக்கிள் ரிப்பேர் கடையருகில் சந்தித்து வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் பெண்கள் அவளை நிறுத்திப் பேசினார்கள். நான் ஒவ்வொரு தடவையும் நாலடி தள்ளி நின்றேன். முன்பு இப்படி நிற்கும்போது உள்ளே எரியும். அன்றைக்கு எரியவில்லை.

அங்கன்வாடி வீட்டுக்காரர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கட்டடம் முடியும்வரை பக்கத்து வார்டுச் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். பட்டாளத்தார் தினமும் காலையில் போய் வாசலில் நின்று பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடிவிடாமல் பார்த்துக்கொண்டார். புதுக் கட்டடம் திறந்த அன்று மேடையில் அவர்கள் கட்சிப் பெரியவர்கள் பேசினார்கள். கல்வெட்டில் இரண்டு பெண்களின் பெயரும் கடைசி வரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. மேடைப் பேச்சு முடியும்வரை இருவரும் உள்ளே அழுகிற பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். போட்டோவில் இரண்டு பேருமே இல்லை.

அவள் இன்னமும் கவுன்சிலர்தான். கூட்ட நாளில் நான் வெளியே பெஞ்சுக்கும் போவதில்லை, எனக்கு மனு வேலை இருக்கிறது. இவ்வளவு வருஷமும் வெளியாட்களிடம் பேசும்போது நான் அவளை 'அவ' என்றுதான் சொல்லிவந்தேன். எங்கள் பக்கம் எல்லா ஆண்களும் அப்படித்தான். மனைவிகள்தான் புருஷனை மரியாதையாக 'அவிய' என்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை, கையில் குழந்தையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்று, கவுன்சிலரைப் பார்க்க வேண்டும் என்றாள். வெயிலில் நடந்து வந்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

"உக்காரும்மா. அவிய கடைக்குப் போயிருக்காக. செத்த நேரத்துல வந்துருவாக."

என் மனைவி அதற்குள் திரும்பி வந்து, காய்கறிப் பையோடு படியில் நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. உள்ளே வந்து பையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"யாருங்க அந்த அவிய?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்துக்கொண்டே அந்தப் பெண்ணிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லும்மா, என்ன விஷயம்?" என்றாள்.